டார்ச் லைட்டும் பெட் ஸ்கேனும்: பெருங்குடியிலிருந்து சில கேள்விகள்

உங்கள் தெருவில் குப்பை அள்ளும் அக்காவின் வாய்க்குள் கடைசியாக யார் டார்ச் அடித்துப் பார்த்தது? பெருங்குடிப் பக்கம் நான் வேலை செய்யும் குடியிருப்புகளில் இதைக் கேட்டால் முதலில் சிரிப்புதான் வரும். "பல்லு வலிச்சா கிராம்பு வெச்சிக்கிறோம், அதுக்கெல்லாம் யாரு டாக்டரு கிட்ட போறது?" என்பார்கள். அப்படிச் சிரித்தவர்களில் சிலரை, இரண்டு மூன்று வருடம் கழித்து, கழுத்தில் கட்டியோடு பார்த்திருக்கிறேன். கையில் ஒரு சீட்டு இருக்கும். "பெட்-சிடி எடுத்து வரவும்" என்று எழுதியிருக்கும்.

ஒருவரின் வாய்க்குள் வாழ்நாளில் ஒருமுறைகூட எட்டிப்பார்க்காத மருத்துவ அமைப்பு, கடைசியில் அவருடைய தலையிலிருந்து தொடைவரை அணுக்கதிர் கொண்டு பார்க்கச் சொல்கிறது. டார்ச்சுக்கும் பெட் ஸ்கேனுக்கும் நடுவில் தொலைந்துபோன அந்த இரண்டு மூன்று வருடங்களுக்கு யார் பொறுப்பு? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

தோழர்கள் பலரும் "நமக்கு எதற்கு அணு மருத்துவம் பற்றிய பேச்சு, அது டாக்டர்கள் விஷயம்" என்று நினைக்கலாம். கோயில் நுழைவு, பஞ்சமி நிலம், இட ஒதுக்கீடு, ஆணவக் கொலை ஆகியவற்றைப் பேசும் அதே தெளிவோடு ஒரு ஸ்கேனைப் பற்றியும் பேச நாம் பழக வேண்டும். யாருக்கு எந்த நேரத்தில் எது கிடைக்கிறது என்பதில்தான் சாதி இன்று அதிகமாக வேலை செய்கிறது.

ஒரே பின்கோடு, இரண்டு உலகம்

பெருங்குடியை வரைபடத்தில் பாருங்கள். ஒரு பக்கம் பழைய மகாபலிபுரம் சாலை, கண்ணாடிக் கட்டடங்கள், ஐ.டி. கம்பெனிகள். இன்னொரு பக்கம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் மேல் பல பத்தாண்டுகளாகக் கொட்டப்பட்ட குப்பை. தென்சென்னையின் குப்பை எல்லாம் வந்து சேர்ந்தது இந்தக் கிடங்கில்தான். 2022 ஏப்ரலில் அது தீப்பிடித்து எரிந்தபோது சுற்றியிருந்த பகுதியே புகையில் மூழ்கியது. பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்றும் வேலையும் அங்கே நடந்திருக்கிறது. தோண்டுவதும் பிரிப்பதும் யார் கை என்று சொல்லத் தேவையில்லை.

கொஞ்சம் தெற்கே போனால் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். 2000-லிருந்து நகரத்தின் நடுவில் இருந்த சேரிகளிலிருந்தும் ஆற்றோரங்களிலிருந்தும் பிடுங்கப்பட்ட நம் மக்கள் கொண்டுவந்து கொட்டப்பட்ட இடங்கள் இவை. வடக்கே ஒரு எட்டு வைத்தால் தரமணி. அங்கே 2019-ல் திறக்கப்பட்டது இந்தியாவின் முதல் புரோட்டான் புற்றுநோய் சிகிச்சை மையம். அடையாறில் இருக்கிறது 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை. 12 படுக்கையோடு ஆரம்பித்து, நாடு முழுவதிலிருந்தும் ஏழைகள் தேடிவரும் இடமாக வளர்ந்தது.

ஆக, புற்றுநோய் மருத்துவத்தின் உச்சத்தில் இருக்கும் கருவிகளும், அந்த நோய்க்கு மிக எளிதாக ஆளாகும் மனிதர்களும் சில கிலோமீட்டருக்குள் வாழ்கிறார்கள். தூரம் கிலோமீட்டரில் இல்லை.

அந்த இயந்திரம் என்ன செய்கிறது?

புரிந்துகொள்ளாத ஒன்றை உரிமையாகக் கேட்க முடியாது. அதனால் முதலில் பெட்-சிடி என்றால் என்ன என்று பார்ப்போம்.

எக்ஸ்ரேயும் சிடி ஸ்கேனும் உடலின் வடிவத்தைக் காட்டும். எலும்பு எங்கே, கட்டி எங்கே, அளவு என்ன என்று சொல்லும். அந்தக் கட்டி உயிர்ப்போடு வளர்கிறதா, வெறும் தழும்பா என்று பல நேரம் அவற்றால் சொல்ல முடியாது. பெட் ஸ்கேன் வேறு வழியில் போகிறது. புற்றுநோய் செல்கள் சாதாரண செல்களைவிட அதிகமாகச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் என்பதை 1920-களிலேயே ஓட்டோ வார்பர்க் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி கவனித்திருந்தார். அந்தப் பசியைத்தான் இந்த ஸ்கேன் பயன்படுத்துகிறது.

சர்க்கரையைப் போலவே இருக்கும் ஒரு பொருளில் ஃப்ளூரின்-18 என்ற கதிரியக்க அணுவைச் சேர்த்து ஊசியாகப் போடுவார்கள். எஃப்.டி.ஜி. என்று பெயர். செல் அதைச் சர்க்கரை என்று நம்பி உள்ளே இழுக்கும். முழுதாகச் செரிக்க முடியாது. அது உள்ளேயே மாட்டிக்கொள்ளும். எங்கே அதிகம் மாட்டியிருக்கிறதோ அந்த இடம் படத்தில் ஒளிரும். கூடவே சிடி எடுப்பதால், ஒளிர்வது எந்த உறுப்பு, எந்த நெறிக்கட்டி என்று துல்லியமாகத் தெரியும். 1976-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில்தான் முதன்முதலாக மனிதர்களுக்கு இந்த ஊசி போடப்பட்டது. இந்தியாவுக்கு பெட் ஸ்கேன் 2002-ல் மும்பை பரேலுக்கு வந்தது.

ஃப்ளூரின்-18-இன் வீரியம் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். இந்த ஒரு எண்ணில் ஒரு முழுப் பொருளாதாரமே இருக்கிறது. வாங்கி அலமாரியில் அடுக்கிவைக்கும் மருந்து இல்லை இது. சைக்ளோட்ரான் என்ற பெரிய இயந்திரத்தில் அன்றன்றைக்குத் தயாரித்து, வீரியம் குறைவதற்குள் வண்டியில் ஓட வேண்டும். நோயாளி ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாலும் மருந்து கரைந்துகொண்டிருக்கும். அதனால் இது பெருநகரத்தை ஒட்டியே வளர்ந்தது, விலையும் ஏறியது. சென்னையின் தனியார் மையங்களில் பத்தாயிரத்தில் தொடங்கி இருபதாயிரத்தையும் தாண்டும். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் ஒருவரின் ஒரு மாதச் சம்பளம் ஒரு மணி நேரத்தில் கரைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாநிலத்தின் சில பெரிய அரசு மருத்துவமனைகளுக்கு இந்த இயந்திரம் வந்திருப்பது நல்ல மாற்றம். அதற்கான வரிசையின் நீளம் வேறு கதை.

எப்போது தேவை, எப்போது தேவையில்லை

தலை, கழுத்துப் பகுதி சிக்கலானது. நாக்கு, கன்னம், ஈறு, தொண்டை, குரல்வளை, சைனஸ், எச்சில் சுரப்பி, தைராய்டு எல்லாம் ஒரு கைப்பிடி அளவு இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. இங்கே வரும் புற்றுநோய் முதலில் போய் உட்காரும் இடம் கழுத்து நெறிக்கட்டிகள். பெட்-சிடி நிஜமாகவே உதவும் இடங்கள் மூன்று.

ஒன்று, நோய் முற்றிய நிலையில் வரும்போது. நுரையீரலுக்கோ எலும்புக்கோ போய்விட்டதா என்று ஒரே படத்தில் பார்க்கலாம். போயிருந்தால், தாடையை வெட்டி எடுக்கும் பெரிய அறுவை சிகிச்சையால் பயனில்லாமல் போகலாம். அந்த வலியிலிருந்து ஒருவரைக் காப்பாற்றலாம்.

இரண்டு, கழுத்தில் கட்டி வந்துவிட்டது, அது புற்றுநோய் என்றும் தெரிந்துவிட்டது, தொடங்கிய இடம் மட்டும் எங்கே என்று தெரியவில்லை. நாக்கின் அடிப்பகுதியிலோ டான்சிலிலோ ஒளிந்திருக்கும் சின்னப் புள்ளியைச் சில நேரம் பெட் ஸ்கேன் காட்டிக்கொடுக்கும்.

மூன்று, கதிர்வீச்சும் கீமோவும் முடிந்த பிறகு, மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க. இதற்குச் சுமார் 12 வாரம் காத்திருக்க வேண்டும். அதற்கு முன்பே எடுத்தால் கதிர்வீச்சால் வெந்த சதையும் ஒளிரும். வீண் பயம், வீண் செலவு.

தேவையில்லாத இடமும் உண்டு. வாயில் சின்னப் புண், கழுத்தில் கட்டி எதுவும் இல்லை என்றால் பெரும்பாலும் பெட் ஸ்கேன் தேவைப்படாது. சதையில் துளி எடுத்துப் பரிசோதிக்கும் பயாப்ஸிதான் அங்கே ராஜா. புற்றுநோயா இல்லையா என்று உறுதியாகச் சொல்வது பயாப்ஸி மட்டுமே. எந்த ஸ்கேனும் இல்லை. இன்னொன்று, மிக நுண்ணிய பரவலை பெட் ஸ்கேனால் பார்க்க முடியாது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் மருத்துவர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வில் ஆரம்ப நிலை வாய்ப் புற்றுநோய் உள்ள 500 பேர் ஆராயப்பட்டார்கள். கையால் தடவினால் கழுத்தில் எதுவும் தெரியாத நிலையிலேயே நெறிக்கட்டிகளையும் சேர்த்து அகற்றியவர்களில் 80 சதவீதம் பேர் மூன்று வருடம் கழித்து உயிரோடு இருந்தார்கள். கட்டி வெளியே தெரியும்வரை காத்திருந்தவர்களில் அது 67.5 சதவீதம்.

நம் ஏரியாவுக்கு முக்கியமான இன்னொரு விஷயம்: ஒளிர்வதெல்லாம் புற்றுநோய் இல்லை. சர்க்கரைக்கு அலைவது புற்றுநோய் செல் மட்டுமா? கிருமியோடு சண்டை போடும் செல்லும் அலையும். சொத்தைப் பல்லின் சீழ் ஒளிரும். காசநோய் பிடித்த நெறிக்கட்டி அப்படியே புற்றுநோய் போலவே ஒளிரும்.

எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன், ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். கன்னத்தில் புற்றுநோய். வட்டிக்கு வாங்கி ஒரு தனியார் மையத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். நெஞ்சுக்குள் நெறிக்கட்டிகள் ஒளிர்வதாக ரிப்போர்ட். அங்கே இருந்த யாரோ போகிற போக்கில் "பரவிடுச்சு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார்கள். அண்ணி இரண்டு வாரம் யாரிடமும் பேசவில்லை. இன்னொரு மருத்துவமனையில் ஒரு இளம் டாக்டர் அந்த நெறிக்கட்டியில் ஊசி விட்டு எடுத்துப் பரிசோதித்தார். காசநோய். மாத்திரையில் குணமாகக்கூடியது. கன்னத்துக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. ஒரு அறைக்குள் ஆறு பேர் படுக்கும் குடியிருப்பில், காற்று நுழையாத படிக்கட்டுகளில் காசநோய் எப்படிப் பரவும் என்பதை நம் மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ரிப்போர்ட்டை வாசிப்பவர் நோயாளி எங்கே வாழ்கிறார் என்று கேட்காவிட்டால், இயந்திரம் சொன்னது உண்மையாக இருந்தாலும் மனிதர் சொன்னது பொய்யாகிவிடும்.

தோள்பட்டை பற்றி ஒரு கணக்கு

இங்கே ஒரு எதிர்க்கேள்வி வரும், அதுவும் நம் பக்கத்திலிருந்தே. "ஏழைக்கு எதுக்குங்க பெட் ஸ்கேன்? அது பணக்காரன் டெஸ்ட். அந்தக் காசுல நூறு பேருக்கு வாய்ப் பரிசோதனை செய்யலாமே?" நல்ல மனதோடு கேட்கிறார்கள். இதிலே ஒரு பொறி இருக்கிறது.

2016-ல் பிரிட்டனிலிருந்து ஒரு ஆய்வு வெளிவந்தது. கழுத்து நெறிக்கட்டிகளுக்குப் பரவிய புற்றுநோய் உள்ள 564 பேர். கீமோ, கதிர்வீச்சு கொடுத்த பிறகு, வழக்கம்போல் கழுத்தைத் திறந்து நெறிக்கட்டிகளை அகற்றுவது ஒரு வழி. பெட்-சிடி எடுத்துப் பார்த்து, மிச்சம் இருந்தால் மட்டும் அகற்றுவது இன்னொரு வழி. இரண்டையும் ஒப்பிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் ஸ்கேன் வழியில் 84.9 சதவீதம், அறுவை வழியில் 81.5 சதவீதம். ஸ்கேன் வழி எந்த விதத்திலும் குறைவில்லை. கழுத்து அறுவை சிகிச்சைகளின் எண்ணிக்கை? அறுவை வழியில் 221, ஸ்கேன் வழியில் வெறும் 54. செலவும் ஸ்கேன் வழியில்தான் குறைவு.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அந்த ஆய்வில் இருந்த பெரும்பாலானோருக்கு வந்தது ஹெச்.பி.வி. வைரஸ் தொடர்புள்ள தொண்டைப் புற்றுநோய். நம் ஊரில் அதிகம் வருவது புகையிலையால் வரும் வாய்ப் புற்றுநோய். அதற்கு முதல் சிகிச்சையே அறுவைதான். அதனால் அந்த எண்களை அப்படியே இங்கே ஒட்ட முடியாது. கதிர்வீச்சு, கீமோவால் சிகிச்சை பெறும் தொண்டை, குரல்வளை நோயாளிகளுக்கு அதிலிருந்து வரும் பாடம் மட்டும் தெளிவானது.

கழுத்து அறுவையில் தோளைத் தூக்கும் நரம்பு பாதிக்கப்படலாம். பலருக்குக் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் போகும். கம்ப்யூட்டர் முன்னால் உட்காருபவருக்கு அது கஷ்டம். தொட்டியைத் தூக்கி வண்டியில் கவிழ்ப்பவருக்கும், சித்தாள் வேலை செய்யும் அக்காவுக்கும், மூட்டை தூக்கும் அண்ணனுக்கும் அது வேலை இழப்பு. ஆக, தேவையில்லாத ஒரு அறுவையைத் தவிர்க்கும் ஸ்கேன் யாருக்கு அதிகம் தேவை? உடலை மட்டுமே மூலதனமாக வைத்திருப்பவருக்கு. "ஏழைக்கு டார்ச் போதும்" என்று சொல்லும்போது, நமக்கென்று ஒரு தாழ்ந்த மருத்துவத்தை நாமே ஒப்புக்கொள்கிறோம். அண்ணல் அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று விளக்கியது இதற்கும் பொருந்தும். மேலே இருப்பவருக்குக் கருவி, கீழே இருப்பவருக்கு அறிவுரை.

"அவன் பழக்கம்" என்ற தீர்ப்பு

இந்தியாவில் ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். ஆண், பெண் சேர்த்து ஆண்டுக்கு 1,40,000-க்கும் மேற்பட்டோருக்குப் புதிதாக வருகிறது. காரணம் கேட்டால் எல்லோருக்கும் பதில் தெரியும்: மாவா, குட்கா, பாக்கெட் புகையிலை, பீடி, சாராயம். மருத்துவமனை வரிசையில் நிற்கும்போதே தீர்ப்பு வந்துவிடும். "போட்டுக்கிட்டே இருந்தா வராம என்ன செய்யும்?"

ஏன் போடுகிறார்கள் என்று யாராவது கேட்டார்களா? விடியற்காலையில் சாப்பிடாமல் கிளம்பி, புழு நெளியும் ஈரக் குப்பையில் கை வைக்கும் ஒருவருக்கு வாயில் அடக்கிய புகையிலை என்ன செய்கிறது தெரியுமா? நாற்றத்தை மறைக்கும், பசியை அடக்கும், குமட்டலை நிறுத்தும். முகக்கவசமும் காலைச் சாப்பாடும் தர வேண்டிய இடத்தில் சமூகம் தந்தது மாவா. 2024-ல் ஒன்றிய அரசு வெளியிட்ட விவரத்தின்படி, கணக்கெடுக்கப்பட்ட சுமார் 38,000 சாக்கடை, கழிவுநீர்த் தொட்டித் தொழிலாளர்களில் 68.9 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர். ஒரு வேலையை ஒரு சாதியின் மேல் கட்டிவைத்துவிட்டு, அந்த வேலையைத் தாங்கப் பழகிய பழக்கத்தை "தனிமனித ஒழுக்கம்" என்று பேசுவது எந்தச் சமூகவியல்?

புகையிலையை நியாயப்படுத்த நான் இதைச் சொல்லவில்லை. அது நம்மைக் கொல்கிறது. விட வேண்டும், விடவைக்க வேண்டும். தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2013-லேயே தடை வந்தது. பெட்டிக்கடையில் இன்றும் கிடைக்கிறது. தடை காகிதத்தில் இருக்கிறது, புண் வாயில் இருக்கிறது.

பல வருடமாகத் தெரிந்த பதில்

டார்ச்சுக்கு வருவோம். வாய்ப் புற்றுநோய்க்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. கண்ணுக்குத் தெரியும் இடத்தில், பல நேரம் முன்னறிவிப்போடு வருகிறது. தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, வாயை முழுதாகத் திறக்க முடியாத இறுக்கம், காரம் பட்டால் எரிச்சல். வருடக்கணக்கில் இப்படியே இருந்து பிறகு மாறலாம். நுரையீரலுக்கோ கணையத்துக்கோ இந்த வசதி இல்லை.

1996-ல் திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. ஏறத்தாழ 1,90,000 பேர். பாதிப் பேரின் வீடுகளுக்குப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் போய் வாய்க்குள் பார்த்தார்கள். அவர்கள் டாக்டர்கள் இல்லை. பட்டம் படித்த சாதாரண இளைஞர்கள். சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் அனுப்பினார்கள். 2005-ல் முடிவு வெளியானது. புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்திருந்தது. கையில் இருந்த கருவி வெளிச்சமும் கண்ணும்தான்.

அது நடந்து இத்தனை வருடம் ஆகிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்வது என்ன? நாட்டில் 30 முதல் 49 வயது ஆண்களில் வாய்ப் புற்றுநோய்க்காக வாயைப் பரிசோதித்துக்கொண்டவர்கள் 1.2 சதவீதம். பெண்களில் 0.9. நூறு பேரில் ஒருவர். தமிழ்நாட்டில் 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்தது; சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வீட்டு வாசலிலேயே பார்க்கப்பட்டன. 2023 நவம்பரில் ஈரோடு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், கன்னியாகுமரி ஆகிய நான்கு மாவட்டங்களில் வாய், மார்பக, கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. நல்ல தொடக்கம். பெருங்குடியில் குப்பை லாரி ஏறுபவருக்கு அந்த வெளிச்சம் முறையாக, வருடா வருடம் வந்து சேர வேண்டும் என்பதே நம் கேள்வி.

2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன்பு தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து 13 நாள் போராடியதும், நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். அதற்கு அடுத்த நாள் அரசு அறிவித்த திட்டங்களில் தொழில்சார் நோய்களைக் கண்டறிந்து சிகிச்சை அளிக்கும் தனித் திட்டமும், காலை உணவும் இருந்தன. போராடியதால் வந்தவை அவை. அந்தத் தொழில்சார் நோய்ப் பட்டியலில் வாயும் கழுத்தும் இருக்க வேண்டும் என்று இப்போதே கேட்க வேண்டியது நாம்தான்.

ஸ்கேன் அன்றைக்கு

கருவி கிடைத்தாலும் போதாது என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். பெட்-சிடிக்கு நாலு முதல் ஆறு மணி நேரம் சாப்பிடக் கூடாது. ரத்தச் சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். அதிகமாக இருந்தால் படம் சரியாக வராது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஊசி போட்ட பிறகு ஒரு மணி நேரம் பேசாமல், மெல்லாமல் அமைதியாக உட்கார வேண்டும். பேசினால் குரல்வளைத் தசையும், மென்றால் தாடைத் தசையும் சர்க்கரையை இழுத்து ஒளிரும். வாயும் தொண்டையும்தானே பார்க்க வந்த இடம்! முடிந்த பிறகு சில மணி நேரம் கர்ப்பிணிகளிடமிருந்தும் கைக்குழந்தையிடமிருந்தும் தள்ளி இருக்க வேண்டும்.

இதை எல்லாம் யார் விளக்குகிறார்கள்? ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாள் கையில் திணிக்கப்படும். கண்ணகி நகரிலிருந்து முதல் பஸ் பிடித்து, இருபது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்தவர், வழியில் ஒரு டீ குடித்திருப்பார், சர்க்கரை போட்டு. "போய்ட்டு இன்னொரு நாள் வாங்க." இன்னொரு நாள் என்றால் இன்னொரு நாள் கூலி. ஒரே அறை வீட்டில் மகள் நிறைமாதமாக இருந்தால் "தள்ளி இரு" என்பதற்கு என்ன அர்த்தம்? பயப்பட வேண்டாம், 11 மணி நேரத்தில் வீரியம் 64-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும், இரவு படுக்கும்போது பெரும்பகுதி போயிருக்கும் என்று ஒருவர் தமிழில் சொன்னால் போதும். அதைச் சொல்ல ஆள் இல்லாததால் ஸ்கேனுக்கே வராமல் போனவர்கள் உண்டு.

என்ன கேட்க வேண்டும், என்ன செய்ய வேண்டும்

1927-ல் அண்ணல் மகாத் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தபோது, அந்தக் குளம் சட்டப்படி ஏற்கனவே எல்லோருக்கும் திறக்கப்பட்டிருந்தது. நகராட்சித் தீர்மானம் இருந்தது. யாராலும் குடிக்க முடியவில்லை, அவ்வளவுதான். அரசு மருத்துவமனையில் இயந்திரம் இருக்கிறது, காப்பீட்டு அட்டையில் ஐந்து லட்சம் இருக்கிறது என்று சொல்லும்போது எனக்கு அந்தக் குளம்தான் நினைவுக்கு வருகிறது. திறந்திருப்பது வேறு, எட்டுவது வேறு.

அதனால் நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும்.

முதலாவது, தூய்மைப் பணியாளர்கள், குப்பை பொறுக்குபவர்கள், கட்டடத் தொழிலாளர்கள் காலையில் கையெழுத்துப் போடும் இடத்திலேயே வருடம் ஒருமுறை வாய்ப் பரிசோதனை. நிரந்தரமோ ஒப்பந்தமோ, எல்லோருக்கும், சம்பளப் பிடித்தம் இல்லாமல்.

இரண்டாவது, சந்தேகம் இருந்தால் பயாப்ஸிக்கு நாள் குறித்த சீட்டு. "ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாருங்க" என்ற வாய்ப்பேச்சு போதாது. கூட ஒருவர் போக வேண்டும்.

மூன்றாவது, மருத்துவர் பெட்-சிடி தேவை என்று சொன்னால், அரசு வழியாக, குறித்த நாட்களுக்குள், கைக்காசு இல்லாமல். கூடவே தமிழில் விளக்கம், அந்த நாளுக்கான கூலி, போக்குவரத்து.

நான்காவது, சென்னையின் புற்றுநோய்ப் பதிவேடு 1980-களின் தொடக்கத்திலிருந்து இயங்குகிறது. வெளிவரும் அறிக்கைகள் வயது, பால், உறுப்பு வாரியாகப் பேசுகின்றன. எந்தத் தொழில் செய்பவர், எந்தச் சமூகத்தவர், எந்தக் கட்டத்தில் மருத்துவமனை வருகிறார் என்பதும் எண்களாக வெளிவர வேண்டும். எண்ணப்படாதவர்களுக்கு நிதி ஒதுக்க மாட்டார்கள்.

இளம் தோழர்களே, நீங்கள் நாளைக்கே செய்யக்கூடியவையும் உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள்: சென்னை அரசு மருத்துவமனைகளில் எத்தனை பெட்-சிடி இயந்திரங்கள், சீட்டு எழுதிய நாளிலிருந்து ஸ்கேன் எடுக்க எத்தனை நாள், பழுதாகி நின்ற நாட்கள் எத்தனை. பதில் வந்தால் ஆயுதம், வராவிட்டால் அதுவும் ஆயுதம். சமூகப்பணி, பல் மருத்துவம், செவிலியர் படிப்பு படிக்கும் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, ஏப்ரல் 14 அன்று மாலை போடுவதோடு நிறுத்தாமல், பக்கத்துக் குடியிருப்பில் ஒரு வாய்ப் பரிசோதனை முகாம் நடத்துங்கள். சந்தேகத்துக்குரியவர்களை எங்கே அனுப்புவது என்று முன்பே பேசிவைத்துவிட்டு நடத்துங்கள். பயமுறுத்திவிட்டுக் கைவிடும் முகாம் வேண்டாம்.

வீட்டில் இதைச் சொல்லுங்கள்: மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண், தேய்த்தாலும் போகாத திட்டு, மாறிய குரல், விழுங்கும்போது தடை, வலிக்காத கழுத்துக் கட்டி. இதில் எது இருந்தாலும் உடனே அரசு மருத்துவமனை. வலி இல்லை என்பதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். ஆரம்பத்தில் வலிக்காததுதான் இந்த நோயின் சூழ்ச்சி. ஸ்கேன் எடுக்கச் சொன்னால் டாக்டரிடம் கேளுங்கள்: "இதோட முடிவு வந்தா சிகிச்சையில என்ன மாறும் டாக்டர்?" கேட்பது மரியாதைக்குறைவு இல்லை. வெளியே பணம் கட்டும் முன் மருத்துவமனையின் முதலமைச்சர் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். அரசின் 104 எண்ணிலும் விசாரிக்கலாம். ரிப்போர்ட்டையும் சிடியையும் பத்திரமாக வையுங்கள். "பரவிடுச்சு" என்று யார் சொன்னாலும், பயாப்ஸி சொன்னதா என்று ஒருமுறை கேளுங்கள்.

இயந்திரத்துக்குச் சாதி தெரியாது. சர்க்கரையைத் தேடிப்போகும் அந்த அணு, யார் உடலுக்குள் போனாலும் ஒரே மாதிரிதான் ஒளிரும். அந்த இயந்திரத்தின் வாசல்வரை யார் எப்போது வந்துசேர்கிறார் என்பதில்தான் சாதி உட்கார்ந்திருக்கிறது. வாய்க்குள் அடிக்க வேண்டிய டார்ச்சும் வேண்டும், உடலைப் பார்க்கும் பெட் ஸ்கேனும் வேண்டும். ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறுக்க யாரையும் விடாதீர்கள்.

ஜெய்பீம்.